தறி நின்றால் திரும்பிப் பார்ப்பாள்

போன சனிக்கிழமை மத்தியானம், நம் லைன் வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நீங்கள் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே துணி துவைக்கும் கல்லின் மேல் என் மகள் நின்றிருந்தாள். ஒன்பது வயதாகியும் நீங்கள் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். கூப்பிடுவது அவள் காதில் விழாது என்று தெரிந்தும் கூப்பிடுகிறீர்கள். அது எனக்குப் பிடிக்கும்.

அவள் உங்களுக்குக் கையில் பேசச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மழைக்கு எப்படி, பரோட்டாவுக்கு எப்படி, பக்கத்து வீட்டு நாய்க்கு எப்படி என்று நீங்கள் கேட்க, ஒவ்வொன்றாகக் காட்டினாள். கணக்கு டீச்சருக்கு எப்படிக் காட்டுவது என்று ஒருவன் கேட்டான். அவள் கண்ணை இடுக்கி, மூக்கு நுனிக்கு இறங்கின கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளி, அந்த விரலையே உங்கள் பக்கம் நீட்டினாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்தி தொட்டிக்குள்ளேயே விழப் பார்த்தாள்.

நான் குளிக்கத் தண்ணீர் எடுக்க வந்தேன். என்னைப் பார்த்ததும் பாப்பாவின் கைகள் இறங்கிவிட்டன. "அப்பா, தண்ணி?" என்று வாயால் கேட்டாள். அவளுடைய குரல் உங்களுக்குப் பழக்கம்தான். மூக்கிலிருந்து வருகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிற மாதிரி இருக்கும். நான் தலையாட்டினேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். அப்போதுதான் உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள்.

"ஏனுங் மாமா, பாப்பா எங்ககூட எல்லாம் கையில பேசுது. அத்தைகூடயும் கையிலதான் பேசுது. உங்ககிட்ட மட்டும் ஏன் வாயில பேசுது?"

மோட்டார் போட வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். கேட்டவள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. பதில்தான் என் வாயில் வரவில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவன் நான், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதினால் நின்று நிதானித்துச் சொல்லலாம் என்று தோன்றியது. உங்களிடம் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

உங்களில் இரண்டு பேர் போன வருஷம்தான் இந்த லைனுக்குக் குடி வந்தீர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன். நம் வீடுகளின் பின் சுவர்தான் தறிக் குடோனின் முன் சுவர். பதினாறு தறி ஓடும்போது குடோனுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். அதனால் உங்கள் அப்பா அம்மாக்கள், நான், எல்லோரும் உள்ளே கையால்தான் பேசிக்கொள்கிறோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்தால் பாவு நூல் அறுந்துவிட்டது. கட்டை விரலைக் கீழே ஆட்டினால் தார், அதாவது குச்சியில் சுற்றின ஊடை நூல், தீர்ந்துவிட்டது, நாடாவுக்கு வேறு தார் போட வேண்டும். மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இப்போதைய முதலாளிக்கு மீசையே கிடையாது. அவருடைய அப்பாவுக்கு இருந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் மீசை மட்டும் குடோனில் நின்றுவிட்டது.

இன்னொன்று இருக்கிறது. ஊடை நூலோடு தறியில் குறுக்கே ஓடுகிற நாடா சில நேரம் துள்ளி வெளியே பறக்கும். இரும்பு மூக்கு வைத்த கட்டை அது, மேலே பட்டால் சதை பிய்ந்துவிடும். பட்டால், முஷ்டியை மடக்கி, பட்ட இடத்தில் இரண்டு தரம் தட்டிக் காட்டுவோம். பக்கத்துத் தறிக்காரர் உடனே மெயினை அமர்த்திவிட்டு ஓடி வருவார். நாளாக நாளாக நாடா படாத வலிக்கும் அதையே காட்ட ஆரம்பித்துவிட்டோம். பல் வலி, வயிற்று வலி எல்லாவற்றுக்கும் அதே முஷ்டிதான்.

பாப்பா பிறந்து மூன்றாம் மாதத்தில் கொடுமுடியிலிருந்து என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொடுமுடி அவளுக்குத் தாய் வீடு. குடோன் சுவரை ஒட்டித்தான் தொட்டில் கட்டினோம். மனைவி பக்கத்திலேயே தார் சுற்றும் மெஷினில் உட்காருவாள். அந்தச் சத்தத்தில் குழந்தை எப்படித் தூங்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியும். இங்கேயே பிறந்த நீங்கள் நாலு பேரும் அப்படித் தூங்கின பிள்ளைகள்தான். தறிச் சத்தம்தான் உங்களுக்குத் தாலாட்டு. கரண்ட் போய்த் தறி எல்லாம் ஒன்றாக நிற்கும்போதுதான் லைன் முழுக்கப் பிள்ளைகள் முழித்துக்கொண்டு அழும்.

பாப்பாவும் அப்படித்தான் முழித்தாள். கரண்ட் போன மறு நிமிஷம் கண்ணைத் திறப்பாள். கொஞ்சம் பெரியவளானதும், விளையாடிக்கொண்டிருந்தவள் தறி நின்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். கரண்ட் வந்து தறி ஓடினால் மறுபடி திரும்பிப் பார்ப்பாள். நல்ல காது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். கூப்பிட்டால் சில நேரம் திரும்ப மாட்டாள்தான். இந்தச் சத்தத்தில் நானே திரும்ப மாட்டேன். கையைக் காட்டினால் உடனே வருவாள். தார் தீர்ந்தது என்று கட்டை விரலை ஆட்டினால், ஒன்றரை வயதில், தவழாத குறையாகப் போய் ஒரு தாரை எடுத்து வந்து அம்மாவிடம் கொடுப்பாள். நாங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அதைக் காட்டினோம். மீசை முறுக்கிக் காட்டச் சொன்னால் மேல் உதட்டைத் தடவுவாள். முதலாளியே ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

பேச்சு வரவில்லை. பெண் பிள்ளைக்குச் சீக்கிரம் வருமே என்று கேட்டவர்கள் உண்டு. என் மாமனார் வீட்டில் எல்லோருக்கும் தாமதமாகத்தான் பேச்சு வந்தது என்று மனைவி சொன்னாள். கொடுமுடியில் காது குத்து வைத்தோம். மச்சான் மடியில் உட்கார வைத்து இரண்டு காதிலும் குத்தினார்கள். அழுதாள், அழுதபடியே தூங்கிவிட்டாள். மண்டபத்துக்குள் மேளக்காரர்கள் வந்து அவள் தலைமாட்டிலேயே நின்று வாசித்தார்கள். அவள் அசையவில்லை. மச்சான் பெருமையாகச் சொன்னார்.

"தறிக் குடோன்ல வளர்ற புள்ளைங்க. இந்தத் தட்டலுக்கெல்லாம் அது கண்ணைத் தொறக்குமாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நகை போட்ட காதை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அது வேலை செய்யாத காது என்று எங்களுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்குத் தெரியாது.

மூன்றரை வயதில் அங்கன்வாடியில் விட்டபோதுதான் அங்கிருந்த டீச்சர் சொன்னார். முதுகுக்குப் பின்னால் எதைப் போட்டாலும் பாப்பா திரும்புவதில்லை, ஒரு தரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்று. எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளைக்குக் காது கேட்கும், தறி நின்றால் திரும்பும் என்று அவரிடம் சண்டைக்குப் போகாத குறை. இருந்தாலும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

சத்தம் உள்ளே வராத ஒரு சின்ன அறையில் வைத்துப் பார்த்தார்கள். பார்த்த டாக்டர் அம்மாவுக்கு வயது அதிகமில்லை. வீட்டில் எந்தச் சத்தத்துக்காவது திரும்புகிறாளா என்று கேட்டார். நான் தறியைச் சொன்னேன். அவர் குடோன் எவ்வளவு தூரம், தொட்டில் எங்கே என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, வீட்டில் டம்ளரில் தண்ணீர் வைத்தால் தண்ணீர் ஆடுமா என்று கேட்டார். ஆடும், அலமாரியில் பாத்திரமே ஆடும் என்றேன்.

"அந்த ஆட்டம் நின்னா பாப்பாவுக்குத் தெரியுதுங்க. தரையில, சுவத்துல. காதால இல்லீங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் அங்கிருந்த பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, மீசையை முறுக்கிக் காட்டினாள். நாங்கள் சிரிப்போம் என்று நினைத்தாள்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்குள் இருக்கிற நரம்பு சரியாக இல்லை, ஆபரேஷன் செய்தாலும் பலன் இருக்காது என்றார்கள். காது மிஷின் போட்டு, பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார்கள். கொஞ்சம் சீக்கிரம் என்ற அந்தச் சொல்லை அதற்குப் பிறகு பல இடத்தில் பல பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

வாரம் இரண்டு நாள் பயிற்சி. மனைவியும் நானும் மாறி மாறிக் கூட்டிப் போவோம். வெளியே நீளமான பெஞ்சு, அதில் எங்களைப் போலப் பெற்றவர்கள். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மடியில் செருப்பில்லாத சின்னக் கால்கள். அங்கே ஒருவருக்கொருவர் முதலில் ஊர் கேட்பதில்லை. எத்தனை வார்த்தை வந்துவிட்டது என்றுதான் கேட்போம். "எங்களுது பன்னெண்டுங்க" என்பார்கள். எங்களுக்கு அப்போது மூன்று: அம்மா, பா, தா.

பயிற்சி கொடுத்தவர் நல்லவர், பொறுமைசாலி. பயிற்சி நேரத்தில் கையை ஆட்டாதீர்கள், வாயைப் பார்க்கட்டும் என்றார். வீட்டிலும் தினம் ஒரு மணி நேரம் அப்படி உட்காருங்கள் என்றார். ஒரு மணி நேரம் என்றுதான் சொன்னார். அதைப் பகல் முழுக்க என்று ஆக்கினது நான். அவர் மேல் பழி போட எனக்கு ஆசைதான், ஆனால் அது உண்மை இல்லை.

கையால்தானே இத்தனை நாள் ஏமாந்தோம் என்று எனக்குள் ஒரு வெறி. கையால் பேசினதால்தானே காது கேட்காதது தெரியாமல் போனது. கை இல்லாவிட்டால் வாய் வந்துவிடும் என்று நம்பினேன். வீட்டுக்குள் யாரும் கையைக் காட்டக் கூடாது என்றேன். உடன் வேலை செய்தவர்களிடமும் சொன்னேன். அவர்கள் பாப்பாவைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். "மாப்ள, உன்ற மகளக் கண்டா போலீஸைக் கண்ட மாதிரி நிக்க வேண்டியதா இருக்குது" என்று ஒருவர் கிண்டல் செய்தார். நான் சிரிக்கவில்லை.

உங்களிடமும் சொன்னேன். உங்களில் பழையவர்கள் நாலு பேருக்கு அப்போது நாலைந்து வயது இருக்கும். பாப்பா உங்களோடு தொட்டிப் பக்கம் விளையாடும்போது நீங்களும் அவளும் கையிலேயே எல்லாம் பேசிக்கொள்வீர்கள். ஒரு நாள் நான் அங்கே வந்து, இனிமேல் யாராவது பாப்பாவிடம் கையை ஆட்டினால் காலை ஒடித்துப்போடுவேன் என்று கத்தினேன். நீங்கள் பயந்துபோனீர்கள். அதற்குப் பிறகு அவளை விளையாட்டுக்கே சேர்த்துக்கொள்ளவில்லை. கையில்லாமல் அவளோடு எப்படி விளையாடுவது என்று உங்களுக்குத் தெரியவில்லை. அது உங்கள் தப்பில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து நீங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவள் கையைத் தூக்கினால் நான் பிடித்துக்கொள்வேன். இரண்டு மணிக்கட்டையும் என் ஒரு கைக்குள் பிடித்து மடியில் வைத்து, "வாயில சொல்லு கண்ணு" என்பேன். வலிக்கிற மாதிரிப் பிடிக்கவில்லை. ஆனால் விடவும் மாட்டேன்.

பெஞ்சில் மதுக்கரையிலிருந்து வருகிற ஒரு தாய் இருந்தார். அவருடைய மகனுக்கும் பாப்பா வயதுதான். நான் கையைப் பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறார். அவர் போனில் காது கேளாதவர்கள் கையில் பேசுகிற வீடியோ எல்லாம் வைத்திருந்தார். இது வெறும் சைகை இல்லை, முழு பாஷை, இதில் கதை சொல்லலாம், சண்டை போடலாம், பொய்கூடச் சொல்லலாம் என்று பெஞ்சில் இருந்தவர்களுக்குக் காட்டுவார். மற்றவர்கள் ஆசையாக எட்டிப் பார்ப்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாள் என்னிடமே கேட்டுவிட்டார்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா கையை ஏனுங்க இப்படிப் புடிச்சு வெச்சுக்கறீங்க? அதுக்கு வாயி அங்கதானுங்களே இருக்குது."

உங்கள் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் வராத நாளாகப் பார்த்துப் பயிற்சி நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டேன்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. வார்த்தை பதினெட்டு ஆகியிருந்தது. நான் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை பாப்பா காது மிஷினைக் கழற்றி எறிந்தாள். எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினேன். மறுபடி எறிந்தாள். அடம் என்று நினைத்தேன். பிள்ளைகள் மிஷினைக் கழற்றத்தான் பார்க்கும், விடாதீர்கள் என்று பெஞ்சில் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாம் தரம் மாட்டினபோது அவள் என் முகத்தைப் பார்த்து, முஷ்டியை மடக்கி, காதில் இரண்டு தரம் தட்டிக் காட்டினாள்.

பிள்ளைகளே, இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எனக்குப் புரிந்தது. புரியாமல் இல்லை. குடோனில் யாராவது அதைக் காட்டினால் என் தறி எரிந்தாலும் விட்டுவிட்டு ஓடுவேன். எத்தனையோ தரம் ஓடியிருக்கிறேன். என் மகள் காட்டினாள், நான் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து மடியில் வைத்தேன். "வலி"ன்னு சொல்லு என்றேன். 'வலி' அந்த வாரப் பாடம். எனக்கு அதுகூட ஒரு சந்தோஷம், பாடத்துக்குச் சரியான நேரம் வந்தது என்று. என் உதட்டைக் காட்டி, வ, லி, வ, லி என்றேன். அவள் "வ" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அழுதாள். மறுபடி சொல்லச் சொன்னேன். எத்தனை தரம் என்று தெரியவில்லை.

அன்றைக்குப் பிறகு அவள் காட்டவில்லை. மிஷினையும் எறியவில்லை. மாட்டினால் மாட்டிக்கொண்டாள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சாதுவாக இருந்தாள். பார்த்தாயா, வழிக்கு வந்துவிட்டாள் என்று மனைவியிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் தறியில் இருந்தேன். மனைவி குடோன் வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினாள். ஓடி வந்து பார்த்தால் பாப்பாவுக்கு அனல் மாதிரிக் காய்ச்சல். மனைவி மிஷினைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். காதில் பொருத்தும் அச்சு, பிள்ளை வளர வளரச் சிறியதாகி, உள்ளே சதையை அறுத்திருக்கிறது. சீழ் கோர்த்துக் கன்னம் வரைக்கும் வீங்கியிருந்தது. தலையணையில் மஞ்சளாகக் கறை. ஆட்டோவில் போகும்போது அவள் என் மடியில் கிடந்தாள். அவளுடைய கைகள் வயிற்றின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. நான் பிடிக்கவில்லை. தானாக அப்படி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் என்னிடம், இவ்வளவு வலியை எந்தப் பிள்ளையும் பொறுக்காதே, ஒன்றும் காட்டவில்லையா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அது பொய். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் நின்றிருந்த மனைவிக்கு அது தெரியும். டாக்டர் போன பிறகு சொன்னாள்.

"நீங்க ஷிப்டுக்குப் போனதும் நானும் அவளும் கையில பேசிக்குவோமுங்க. இத்தன நாளும் அப்படித்தான். திங்கக்கிழமை உங்ககிட்டச் சொல்லிப்போட்டதா எங்கிட்டச் சொன்னா. அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாருன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் மதுக்கரைத் தாயைத் தேடிப் போனேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன், ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரும் இன்னும் சில பெற்றோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உக்கடம் குளக்கரையில் கூடுவார்கள். காது கேளாத ஒரு தம்பி வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். பேக்கரியில் வேலை செய்கிறவர். முதல் நாள் என் விரல் எதற்கும் மடங்கவில்லை. நூல் முடிச்சுப் போட்டுப் பழகின விரல், அது அதற்குத்தான் ஓடும். அவர் குடோன் சைகைகளைக் காட்டச் சொல்லி ஆவலாகக் கேட்டார். எல்லாவற்றையும் காட்டினேன். நூல் அறுந்தது, தார் தீர்ந்தது, கரண்ட் இல்லை, டீ, முதலாளி, அடிபட்டது. அவ்வளவுதான், ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. அவர் இன்னும் என்று கேட்டார். இன்னும் இல்லை.

அன்றைக்குத்தான் கவனித்தேன். எங்களிடம் 'ஏன்' இல்லை. 'நாளைக்கு' இல்லை. 'பயமாக இருக்கிறது' இல்லை. பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து நாங்கள் கொடுத்ததே ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

அந்தப் பாஷையில் கை மட்டும் பேசினால் போதாது, முகமும் பேச வேண்டும். கேள்வி கேட்டால் புருவம் கேட்க வேண்டும். குளக்கரையில் நடக்க வருகிறவர்கள் நின்று எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். இத்தனை பெரிய ஆட்கள் மூஞ்சியை இப்படி அப்படிச் சுளிக்கிறார்களே என்று. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இன்னும் சரளமாக வரவில்லை, ஆனாலும் மெதுவாகக் காட்டினால் பாதிக்கு மேல் புரிகிறது. பாப்பாவோடு இனிக் கையிலேயே பேசுங்கள் என்று அப்போதே உங்களிடமும் வந்து சொன்னேன்.

பாப்பாவை டவுனில் காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கேயே விடுதி. வெள்ளி பொழுதோட வருவாள், திங்கள் காலையில் போவாள். சேர்ந்த ஆறு மாதத்தில் அவளுடைய கை பறந்தது. ஒரு நாள் அவளைக் கூட்டிவரப் போனபோது, கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். நாலு சிநேகிதிகளுக்கு நடுவில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பே பேசியது. என் மகளுக்கு இவ்வளவு சொல்ல இருந்திருக்கிறது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

அன்றைக்குப் பஸ்ஸில் நான் தயாராக இருந்தேன். நான்கு வாரமாகப் பழகி வைத்த இரண்டு கேள்வி. கையைத் தூக்கி, புருவத்தை எல்லாம் சரியாக வைத்து, இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது, எனக்குச் சொல்வாயா என்று கேட்டேன். அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். தன் கையைப் பாவாடைக்குக் கீழே தொடைக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா" என்று வாயால் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். லகரம் சுத்தமாக வந்தது.

நான் அவளைச் சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள் என்று மனைவி சொன்னாள். போகப் போகச் சரியாகும் என்றாள். மூன்று வருஷமாகிறது. நான் அவளிடம் இப்போது எப்போதும் கையில்தான் பேசுகிறேன். அவள் என்னிடம் வாயில்தான் பதில் சொல்கிறாள். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. சோறு வேண்டுமா என்றால் "வேணும்". போகலாமா என்றால் "போலாம்". அப்பாவுக்கு வாயில் சொன்னால்தான் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரிந்த ஒன்று, குழம்பில் எனக்கு உப்புக் குறைவாக வேண்டும் என்பது மாதிரி. அன்பில்தான் செய்கிறாள் என்று நினைக்கிறேன். அதனாலேயே என்ன செய்வது என்று தெரியவில்லை. வாயில் சொல்லக்கூடியது அவளுக்கு ஐம்பது அறுபது வார்த்தை. அந்த ஐம்பது அறுபதுக்குள் அடங்குகிற மகள்தான் எனக்கு. மிச்சம் எல்லாம் அவளுடைய அம்மாவுக்கும் உங்களுக்கும்.

இதுதான் கேட்டவளுக்குப் பதில்.

அவள் கேட்டதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நான் குளக்கரைக்குப் போகவில்லை. இட்லி மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். பாப்பா அம்மாவின் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை, துடைக்கக் கை சும்மா இல்லை. விடுதி என்பதும், ஒரு பெண் என்பதும், 'எடுத்துக்கொண்டாள்' என்பதும் எனக்குப் புரிந்தது. அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கைகள் மடிக்கு இறங்கின. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, மாவு?" என்றாள்.

நான் கையில் கேட்கத் தொடங்கினேன். யார், என்ன எடுத்துக்கொண்டாள், நான் வந்து பேசட்டுமா என்று. பாதியில் நிறுத்திவிட்டேன். நான் அங்கே நிற்கிற வரைக்கும் அவள் மீதியைச் சொல்ல மாட்டாள். அவளுக்கு அது சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. முகத்திலேயே தெரிந்தது.

மாவை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, பால் மறந்துவிட்டேன், வாரேன் என்று மனைவியிடம் சொல்லி வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பால் காலையிலேயே வாங்கியாகிவிட்டது. அது மனைவிக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறி ஓடவில்லை. கதவுக்கு வெளியே நின்றாலும் உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கையில் பேசுகிறவர்கள் பேச்சை ஒட்டுக் கேட்கவும் முடியாது. உங்களில் ஒருவன் சைக்கிளில் போகிறபோது, ஏனுங் மாமா வெளியில நிக்கறீங்க என்று கேட்டான். சும்மாதான் சாமி என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி கதவைத் திறந்தாள்.

"சொல்லி முடிச்சுட்டாளுங்க. உள்ள வாங்க."

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போனேன்.